மைக்ரோகண்ட்ரோலருக்கு எந்த மொழியில் நிரல் எழுதுவது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சிப்புக்குள் அடங்கிய சிறு கணினி) உள்ள போர்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "எந்த மொழியில் எழுதலாம்?" என்று கேட்டால், பத்துப் பேரிடமிருந்து பத்துப் பதில் வரும். சி++ தெரியாமல் இந்தப் பக்கமே வரக்கூடாது என்பார் ஒருவர். பைத்தானே போதும் என்பார் அடுத்தவர். இன்னொருவர் ரஸ்ட் என்பார். எல்லாருமே அவரவர் செய்த வேலைக்குச் சரியான பதிலைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்காக இதைச் செய்பவருக்கு மொழியின் வேகத்தைவிட, தவறு நடந்தால் அது எங்கே என்று எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பதே முக்கியம். கணினியில் எழுதும் நிரல் ஓடவில்லை என்றால் தவறு பெரும்பாலும் நிரலில்தான் இருக்கும். இங்கே அப்படி இல்லை. சென்சாரிலிருந்து எதுவும் வரவில்லை என்றால் ஜம்பர் வயர் கழன்றிருக்கலாம், இரண்டு பின்கள் (போர்டின் இணைப்புக் கால்கள்) இடம் மாறியிருக்கலாம், மின்னழுத்தம் போதாமல் இருக்கலாம், நிரலும் தப்பாக இருக்கலாம். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்க்க எந்த மொழி உதவுகிறதோ, அதுவே புதியவருக்கு ஏற்ற மொழி. ஆனால் அந்த மொழி உங்கள் சிப்பில் ஓட வேண்டும். உங்கள் வேலையின் நேரக்கணக்குக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அதனால் மொழியைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை கீழே வரிசையாக இருக்கின்றன.

1. வேலையை எழுதிக்கொள்ளுங்கள்

கருவி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் சாதாரணத் தமிழில் எழுதுங்கள். உதாரணமாக: "தொட்டி மண்ணின் ஈரத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார். காய்ந்திருந்தால் பம்பை ஐந்து வினாடி ஓட்டு. அளவை வைஃபை வழியாக அனுப்பு." இவ்வளவு போதும்.

பிறகு அந்தத் தாளின் ஓரத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். கருவி எவ்வளவு சீக்கிரம் செயல்பட வேண்டும்? ஒரே நேரத்தில் எவ்வளவு தகவலை நினைவில் வைத்திருக்க வேண்டும்? மின்சாரம் சுவரிலிருந்தா, பேட்டரியிலிருந்தா? நிரல் நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எல்இடி நின்றுபோனால் நஷ்டமில்லை. பம்ப் ஓடும்போது நிரல் நின்றால் தரை முழுக்கத் தண்ணீர்தான்.

2. நேரக்கணக்கைப் பாருங்கள்

பொழுதுபோக்கு வேலைகளை நேரத்தை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

வினாடிக் கணக்கில் நடப்பவை முதல் வகை. வெப்பநிலை பார்ப்பது, ரிலே என்ற மின்சுவிட்சை இயக்குவது, திரையில் எண்ணைக் காட்டுவது, இணையத்துக்கு அளவை அனுப்புவது எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்கு எந்த மொழியும் போதும். செடிக்குத் தண்ணீர் விடும் கருவி அரை வினாடி தாமதித்தால் செடி வாடிவிடாது.

மில்லிசெகண்ட் கணக்கு இரண்டாவது. பொத்தானை அழுத்தியதும் எதிர்வினை, கோட்டைப் பின்தொடரும் சின்ன ரோபோ போன்றவை. மைக்ரோகண்ட்ரோலருக்கென்றே சுருக்கப்பட்ட பைத்தானான மைக்ரோபைத்தானிலும் இவை நன்றாகவே ஓடும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் திரட்டிச் சுத்தம் செய்ய மைக்ரோபைத்தான் அவ்வப்போது சில மில்லிசெகண்ட் நிற்கும். அந்த இடைவெளியை உங்கள் கருவி தாங்குமா என்று யோசியுங்கள்.

மூன்றாவது மைக்ரோசெகண்ட் கணக்கு. மொழி பற்றிய சண்டையெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அதனால் ஒரே ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஒரே வயரில் நூறு விளக்கை வண்ணம் மாற்றி எரிய வைக்கும் எல்இடி பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள டபிள்யூஎஸ்2812 என்ற சிப்புக்கு ஒவ்வொரு பிட்டையும் சுமார் 1.25 மைக்ரோசெகண்டில் அனுப்ப வேண்டும். போர்டின் பின்னில் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.4 மைக்ரோசெகண்ட் உயர்ந்து நின்றால் அது பூஜ்யம், 0.8 நின்றால் ஒன்று. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற பிரபலமான போர்டில் உள்ள ஏடிமெகா328பி சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதாவது ஒரு பிட்டுக்கு அதற்குக் கிடைப்பது 20 துடிப்புகள் மட்டுமே. அதற்குள் அடுத்த பிட்டை எடுத்து, அது என்னவென்று பார்த்து, பின்னை ஏற்றி இறக்க வேண்டும். மைக்ரோபைத்தானில் ஒரு பின்னை ஏற்றி இறக்கவே சில மைக்ரோசெகண்ட் ஆகும். அப்படியானால் அந்த மொழி இதற்கு உதவாது என்றுதானே தோன்றுகிறது?

ஆனால் மைக்ரோபைத்தானில் இந்தப் பட்டையை நாலைந்து வரியில் எரிய வைக்கலாம். நியோபிக்சல் என்ற தொகுதி அதனுடனேயே வருகிறது. நேரம் தவறாமல் பிட்டுகளை அனுப்பும் வேலையை அதற்கு அடியில் சி-யில் எழுதப்பட்ட பகுதி பார்த்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், ஊனோவில் டிஜிட்டல்ரைட் என்ற வழக்கமான ஆர்டுயினோ கட்டளையை ஒருமுறை அழைக்கவே மூன்று மைக்ரோசெகண்டுக்கு மேல் ஆகிறது. அதை வைத்து சி++-இலும் நீங்களாக இந்தப் பட்டையை ஓட்ட முடியாது. ஆர்டுயினோ லைப்ரரிகளும் (பிறர் எழுதித் தயாராக வைத்திருக்கும் நிரல் தொகுப்புகள்) இந்த இடத்தில் உள்ளுக்குள் சிப்பின் நேரடிக் கட்டளைகளான அசெம்பிளியைத்தான் பயன்படுத்துகின்றன.

ஆகவே "பைத்தான் வேகம் போதுமா?" என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. மைக்ரோசெகண்ட் வேலையை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் எழுதும் வரிகளா, தயாராக இருக்கும் லைப்ரரியா, சிப்புக்குள் அதற்கென்றே இருக்கும் வன்பொருளா? சர்வோவுக்கான துடிப்பு, சீரியல் தொடர்பு, துடிப்புகளை எண்ணுவது எல்லாவற்றுக்கும் பெரும்பாலான சிப்புகளில் தனிப் பகுதிகள் உண்டு. ராஸ்பெர்ரி பை பிக்கோவில் உள்ள ஆர்பி2040 சிப்பில் பிஐஓ என்று ஒரு பகுதி இருக்கிறது. சின்னச் சின்னக் கட்டளைகளை எழுதி அதில் ஏற்றிவிட்டால், முக்கியச் செயலி வேறு எதைச் செய்தாலும் பிஐஓ தன் பாட்டுக்கு நேரம் தவறாமல் ஓடும். அதை மைக்ரோபைத்தானிலிருந்தே இயக்கலாம். தாளில் எழுதிய வேலைகளில் லைப்ரரி, தனி வன்பொருள், பிஐஓ மூன்றுக்கும் பிறகும் உங்கள் தலையில் விழும் மைக்ரோசெகண்ட் வேலை ஏதாவது மிஞ்சினால், சி அல்லது சி++ பக்கம் போங்கள். பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

3. சிப்பின் நினைவகம் இடம் கொடுக்கிறதா?

இந்தப் படியில் உணர்ச்சிக்கு இடமில்லை, கூட்டல் கழித்தல்தான். ஃபிளாஷ் என்பது நிரல் நிலையாகத் தங்கும் இடம், ரேம் என்பது ஓடும்போது மாறும் தகவல்களுக்கான இடம்.

ஏடிடைனி85-இல் 8 கிலோபைட் ஃபிளாஷ், 512 பைட் ரேம். ஏடிமெகா328பி-யில் 32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ரேம். ஆர்பி2040-இல் 264 கிலோபைட் ரேம். அது இருக்கும் பிக்கோ போர்டில் 2 மெகாபைட் ஃபிளாஷ். வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப்பில் 520 கிலோபைட் ரேம். மைக்ரோபைத்தான் ஓட வேண்டுமானால் குறைந்தது 256 கிலோபைட் ஃபிளாஷும் 16 கிலோபைட் ரேமும் வேண்டும். ஆக முதல் இரண்டு சிப்புகளிலும் அந்தப் பேச்சே எழாது. அவற்றில் பெரும்பாலும் சி, சி++, கொஞ்சம் அசெம்பிளிதான்.

2 கிலோபைட் என்றால் நடைமுறையில் எவ்வளவு என்று பார்ப்போம். 128-க்கு 64 புள்ளிகள் கொண்ட சின்ன ஓலெட் திரை பலரும் வாங்குவது. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் வீதம், முழுப் படத்தையும் நினைவில் வைக்க 1,024 பைட் வேண்டும். ஊனோவின் ரேமில் பாதி அங்கேயே போய்விட்டது. அளவுகளைப் பதிவு செய்ய எஸ்டி கார்டு சேர்த்தால், அதன் லைப்ரரி ஒரு நேரத்தில் 512 பைட்டைக் கையாளும். மிச்சம் 512. உங்கள் மாறிகள், சீரியல் தொடர்புக்கான இடம், திரையில் காட்டும் வாசகங்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் எழுதும் வாசகங்கள்கூட, எஃப் என்ற மேக்ரோவுக்குள் வைக்காவிட்டால், ஊனோவில் ரேமைத்தான் பிடிக்கும். நிரல் ஓடும்போது இடம் தீர்ந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. திரை திடீரென்று வெறுமையாகும், அல்லது போர்டு தானாக ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். புதியவர் உடனே வயரைத்தான் சந்தேகப்படுவார். ஒரு மாலைப் பொழுது அதிலேயே போய்விடும்.

அதனால் இன்னும் போர்டு வாங்கவில்லை என்றால், ரேம் தாராளமாக உள்ள ஒன்றை வாங்குங்கள் என்பேன். பிக்கோவோ ஈஎஸ்பி32-ஓ இருந்தால் சி++, மைக்ரோபைத்தான், ரஸ்ட் எல்லாமே திறந்திருக்கும். கையில் ஊனோதான் இருக்கிறது என்றால் அதுவும் சரி. ஐந்து வோல்ட்டில் ஓடும், கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும், அதற்கு எழுதப்பட்ட பாடங்கள் ஏராளம். உங்கள் மொழி ஆர்டுயினோ சி++ என்று அதுவே முடிவு செய்துவிட்டது. நேராக ஐந்தாம் படிக்குப் போகலாம்.

4. லைப்ரரி இருக்கிறதா என்று தேடுங்கள்

வாங்கப்போகும் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் எழுதி, பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று ஆர்டுயினோ, மற்றது மைக்ரோபைத்தான். எந்தெந்தப் பாகத்துக்கு எதில் லைப்ரரி இருக்கிறது என்று தேடிக் குறியுங்கள். பிஎம்இ280 போன்ற பிரபலமான சென்சார் என்றால் இரண்டிலும் இருக்கும். அபூர்வமான மோட்டார் டிரைவர், பழைய ரேடியோ மாட்யூல், வித்தியாசமான திரை என்றால் ஆர்டுயினோவில் மட்டும்தான் இருக்கும்.

இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதன் உதாரண நிரலைத் திறந்து படியுங்கள். உங்கள் போர்டின் பெயர் அதில் வருகிறதா? கடைசியாக எப்போது திருத்தினார்கள்? பத்து வரியில் ஒரு அளவை வாங்கிக் காட்டுகிறதா? ஒரு பாகத்துக்கு நீங்களே லைப்ரரி எழுத வேண்டி வந்தால், அந்தத் திட்டம் அந்த லைப்ரரியாகவே மாறிவிடும். அது அருமையான பயிற்சிதான், ஆனால் முதல் திட்டத்தில் வேண்டாம். எல்லாப் பாகத்துக்கும் ஒரு மொழியில் லைப்ரரி இருந்து, இன்னொன்றில் ஒன்று குறைந்தாலும், முதல் மொழியையே எடுங்கள். உங்களுக்கு எந்த மொழி பிடிக்கும் என்பது இதற்குப் பிறகுதான்.

5. மொழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆர்டுயினோ சி++

ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகத் தொடங்கியது. அதை ஒரு தனி மொழி என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது முழு சி++. செட்அப், லூப் என்று இரண்டு பகுதிகளை எழுதினால் போதும். மற்ற சடங்குகளை அதுவே பார்த்துக்கொள்ளும். எட்டு பிட் சிப்பிலிருந்து ஈஎஸ்பி32, பிக்கோ வரை அதே கட்டளைகள் செல்லும். லைப்ரரிகளின் எண்ணிக்கையில் இதற்குப் பக்கத்தில் வேறெதுவும் வர முடியாது.

எழுத்துப்பிழை இருந்தால், வகை பொருந்தாவிட்டால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், போர்டுக்கு அனுப்பும் முன்பே நிறுத்திவிடும். இது பெரிய பலம். ஆனால் கம்பைலர் விட்டுவிடும் சில பள்ளங்களும் உண்டு. ஒன்றை மட்டும் காட்டுகிறேன், எல்லாரும் ஒருநாள் விழும் பள்ளம் இது.

ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்ல வேண்டும். டிலே கட்டளையின் அடைப்புக்குறிக்குள் 60000 என்று எழுதினால் ஊனோ சரியாக ஒரு நிமிடம் காத்திருக்கும். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று 60 * 1000 என்று எழுதிப் பாருங்கள். ஊனோவில் இண்ட் என்ற முழு எண் வகை 16 பிட். அதன் உச்சம் 32,767. பெருக்கல் அந்த அளவைத் தாண்டி வழிந்து, கழித்தல் 5,536 ஆகிவிடும். டிலே கழித்தல் எண்ணை ஏற்காது. அதை 32 பிட் கூட்டல் எண்ணாகப் படித்து 4,294,961,760 மில்லிசெகண்ட் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நிமிடத்துக்குப் பதிலாகக் கிட்டத்தட்ட 50 நாள் போர்டு உறைந்து நிற்கும். ஆர்டுயினோ ஐடிஇ-யில் கம்பைலர் எச்சரிக்கைகள் தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருப்பதால் திரையில் ஒன்றும் வராது. அமைப்புகளில் எச்சரிக்கைகளை முழுமையாகக் காட்டு என்று முதல் நாளே மாற்றிவிடுங்கள். எண்ணுக்குப் பின்னால் யுஎல் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் இந்தச் சிக்கல் தீரும். ஈஎஸ்பி32-இல் இண்ட் 32 பிட் என்பதால் அதே வரி அங்கே ஒழுங்காக ஓடும். ஒரு போர்டில் ஓடிய நிரல் இன்னொன்றில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், ஊனோவில் ஸ்டிரிங் வகையைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். சேர்த்துச் சேர்த்து எழுதும்போது அது ரேமைத் துண்டு துண்டாக்கிவிடும். சில மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு நிற்கும் நிரல்களில் பல இந்த வகைதான்.

மைக்ரோபைத்தான்

டேமியன் ஜார்ஜ் 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டித் தொடங்கியது. பைத்தான் 3-இன் பெரும்பகுதியை மைக்ரோகண்ட்ரோலருக்குள் அடக்கிய வடிவம். முதலில் சொன்னேனே, தவறு எங்கே என்று பிரித்துப் பார்ப்பது, அதில் இதை வெல்ல வேறு மொழி எனக்குத் தெரிந்து குறைவு.

காரணம் ரெப்பல் என்ற உரையாடல் வசதி. போர்டை யுஎஸ்பி-யில் செருகி, தானி போன்ற எடிட்டரைத் திறந்தால், நீங்கள் ஒரு வரி எழுத எழுத போர்டு அப்போதே அதைச் செய்யும். கம்பைல் செய்து, அனுப்பி, காத்திருக்கும் வேலை இல்லை. சென்சாரை இணைத்துவிட்டு, ஐ2சி என்ற இரண்டு வயர் இணைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஸ்கேன் கட்டளை கொடுங்கள். முகவரிகளின் பட்டியல் வரும். பட்டியல் காலியாக வந்தால் நிரலைத் தொடவே வேண்டாம், வயரைப் பாருங்கள். முகவரி வந்துவிட்டதா, வயர் சரி. இனி நிரலைப் பார்க்கலாம். வயரா நிரலா என்ற கேள்வி பத்து வினாடியில் தீர்ந்தது. ஆர்டுயினோவிலும் இதற்கு ஸ்கேனர் நிரல் உண்டு. ஆனால் உங்கள் நிரலை எடுத்துவிட்டு அதை ஏற்றி, பார்த்து, மறுபடி உங்களுடையதை ஏற்ற வேண்டும். சோம்பலில் அதை யாரும் செய்வதில்லை.

பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துப்பிழை அந்த வரி ஓடும்போதுதான் வெளிப்படும். தண்ணீர்த் தொட்டி காலியானால் மட்டும் ஓடும் ஒரு பகுதியில் மாறியின் பெயரைத் தவறாக எழுதியிருந்தால், தொட்டி உண்மையில் காலியாகும் அன்றுதான் நிரல் நிற்கும். அதனால் அபூர்வமாக ஓடும் ஒவ்வொரு பகுதியையும் ரெப்பலில் கையால் அழைத்து ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். இண்டரப்ட் (நடப்பதை இடைமறித்து உடனே ஓடும்) பகுதிக்குள் புதிதாக நினைவகம் எடுக்கும் எதையும் செய்யக்கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் சேர்ப்பது, தசம எண் கணக்கு போடுவது இரண்டுமே அங்கே வம்பு. ஒரு கொடியை (ஆம், இல்லை என்று குறிக்கும் மாறியை) மட்டும் மாற்றிவிட்டு வெளியே வந்து, மீதியைப் பிரதான லூப்பில் செய்யுங்கள்.

சர்க்கிட்பைத்தான்

மைக்ரோபைத்தானிலிருந்து அடாஃப்ரூட் நிறுவனம் 2017-இல் பிரித்து வளர்த்த கிளை. யுஎஸ்பி வசதி சிப்பிலேயே உள்ள போர்டைச் செருகினால் பென்டிரைவ் போலத் திரையில் வரும். அதில் உள்ள கோட்.பை கோப்பைத் திருத்திச் சேமித்ததுமே நிரல் மறுபடி ஓடும். இதைவிட எளிதான தொடக்கம் கிடையாது. குழந்தைகளோடு உட்கார்ந்து செய்வதென்றால் நான் இதைத்தான் எடுப்பேன். நாமாக இண்டரப்ட் எழுத முடியாது. துடிப்பு எண்ணுவது, பொத்தான் பார்ப்பது போன்றவற்றுக்குத் தனித் தொகுதிகள் இருக்கின்றன. முதல் தலைமுறை ஈஎஸ்பி32-இல் அந்த யுஎஸ்பி வசதி இல்லாததால் டிரைவ் தோன்றாது. எஸ்2, எஸ்3 வகைகளில் தோன்றும். வாங்கும்போது கவனியுங்கள்.

ரஸ்ட்

நினைவகத் தவறுகளைக் கம்பைல் செய்யும்போதே பிடித்துவிடும் மொழி. ஒரு பின்னை ஒரு பகுதிக்குக் கொடுத்துவிட்டால், அதே பின்னை இன்னொரு பகுதியும் தெரியாமல் எடுத்துக்கொள்ள விடாது. எம்பஸி என்ற சட்டகம் பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்த அழகான வழி தருகிறது. பிக்கோ, எஸ்டிஎம்32, ஈஎஸ்பி32 ஆகியவற்றில் நன்றாக ஓடுகிறது. ரஸ்டையும் வன்பொருளையும் ஒரே சமயத்தில் கற்பது மட்டும் வேண்டாம். இரண்டும் தனித்தனியே பொறுமையைக் கேட்பவை. இரண்டில் ஒன்று ஏற்கெனவே கைவந்திருந்தால் தாராளமாக இறங்குங்கள்.

மற்றவை

வெறும் சி-யில், சிப் தயாரிப்பாளரின் கருவிகளோடு எழுதுவது சிப்பை முழுமையாக ஆள விரும்புபவருக்கு. ஈஎஸ்பி32-க்கு ஈஎஸ்பி-ஐடிஎஃப், பிக்கோவுக்கு அதன் சி எஸ்டிகே. கோ மொழி தெரிந்தவருக்கு டைனிகோ, ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு எஸ்ப்ரூயினோ இருக்கின்றன. மைக்ரோபிட் போர்டில் கட்டங்களை இழுத்துப் பொருத்தும் மேக்கோட் சின்னப் பிள்ளைகளுக்கு அருமை. அசெம்பிளியை ஒரு மொழியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கம்பைலர் என்ன செய்கிறது என்று படிக்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

6. முடிவு செய்வதற்கு முன் ஒரு சின்னப் பரீட்சை

இன்னும் இரண்டு மொழிகளுக்கு நடுவே தடுமாறினால், ஒரே சென்சாரை எடுத்து இரண்டிலும் இந்த நான்கையும் செய்யுங்கள். கருவிகளை நிறுவி எல்இடியைச் சிமிட்ட வையுங்கள். சென்சாரின் அளவைத் திரையில் கொண்டு வாருங்கள். ஒரு வினாடிக்கு ஒருமுறை என்பதைப் பத்து வினாடி என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். கடைசியாக, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சென்சாரின் டேட்டா வயரைப் பிடுங்குங்கள்.

அந்தக் கடைசிக் காரியம்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். மைக்ரோபைத்தானில் ஐ2சி சென்சாரின் வயரைப் பிடுங்கினால், ஓஎஸ்எரர் என்று எழுதி, எந்தக் கோப்பில் எந்த வரியில் என்பதையும் காட்டி நிரல் நிற்கும். என்ன நடந்தது என்று தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நிரல் நின்றுவிட்டது. டிரை, எக்ஸெப்ட் போட்டு அதைக் கையாள்வது உங்கள் பொறுப்பு. ஆர்டுயினோவில் பெரும்பாலும் நிரல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எண்ட்டிரான்ஸ்மிஷன் என்ற கட்டளை தோல்வியை ஓர் எண்ணாகத் திருப்பித் தரும்; நீங்கள் அதைப் பார்க்கும்படி எழுதவில்லை என்றால், பழைய அளவோ அர்த்தமற்ற அளவோ திரையில் வந்துகொண்டே இருக்கும். அந்த அளவை நம்பிப் பம்ப் ஓடினால் என்ன ஆகும்? தாளின் ஓரத்தில் எழுதிய நான்காவது பதிலை இப்போது எடுத்துப் பாருங்கள்.

எந்த மொழியாக இருந்தாலும் சரி, பம்ப், ஹீட்டர், மோட்டார் இருந்தால் வாட்ச்டாக் டைமரைப் போட்டே ஆக வேண்டும். குறித்த நேரத்துக்குள் நிரல் அதைத் தட்டிக்கொடுக்கவில்லை என்றால் போர்டு தானாக ரீசெட் ஆகும். ரீசெட் ஆனதும் முதல் வேலையாகப் பம்பை அணைக்கும்படி எழுதுங்கள். ரிலேயின் உள்ளீட்டுப் பின்னில், போர்டு உயிரில்லாமல் இருந்தாலும் ரிலேயை அணைந்த நிலையில் வைக்கும்படி ஒரு ரெசிஸ்டரையும் போடுங்கள். இதை எந்த மொழியும் உங்களுக்காகச் செய்யாது.

7. பேட்டரியில் ஓடுவதென்றால்

பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும் என்பது, தூங்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது, எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. தூக்கத்தில் மொழிக்கு வேலையே இல்லை. ஈஎஸ்பி32 சிப் ஆழ்ந்த தூக்கத்தில் சுமார் 10 மைக்ரோஆம்பியர் எடுக்கும். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் போர்டில் உள்ள ரெகுலேட்டரும் யுஎஸ்பி சிப்பும் பவர் எல்இடியும் அதைவிடப் பல மடங்கு இழுக்கலாம். எனவே மொழியை மாற்றுவதற்கு முன் போர்டைப் பாருங்கள்.

விழிப்பில் மொழிக்குப் பங்கு உண்டு. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் மைக்ரோபைத்தான் தன்னைத் தயார்செய்துகொண்டு, தொகுதிகளை ஏற்றி, பிறகுதான் உங்கள் வேலைக்கு வரும். சி-யில் எழுதியது உடனே தொடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து வைஃபையில் இணைவதென்றால், வைஃபை இணையும் சில வினாடிகளோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் கணக்கில் வராது. வைஃபை இல்லாமல், பட்டன் செல்லில், வினாடிக்கு ஒருமுறை விழிக்கும் கருவி என்றால் சி அல்லது சி++ எடுங்கள். ஏடிமெகா328பி போன்ற சிறிய சிப்பைத் தனியாகப் பொருத்தினால் தூக்கத்தில் 1 மைக்ரோஆம்பியருக்கும் கீழே போக முடியும்.

8. நடுவில் மொழியை மாற்ற வேண்டி வந்தால்

மெதுவாக இருக்கிறது என்று தோன்றியதுமே மாற்றாதீர்கள். எந்தப் பகுதி மெதுவாக இருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். மைக்ரோபைத்தானில் அந்தப் பகுதியின் முன்னும் பின்னும் டிக்ஸ்_யுஎஸ் எண்ணை எடுத்து, டிக்ஸ்_டிஃப் கட்டளையால் இடைவெளியைப் பாருங்கள். சாதாரணக் கழித்தல் வேண்டாம், அந்த எண் ஒரு அளவை எட்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பெரும்பாலும் ஒரே ஒரு சின்னப் பகுதிதான் மெதுவாக இருக்கும். மைக்ரோபைத்தானில் அந்த ஒன்றுக்கு மட்டும் நேட்டிவ் அல்லது வைப்பர் குறியிட்டால் அது இயந்திர மொழியாக மாறி வேகமெடுக்கும். அதுவும் போதவில்லை என்றால் பிஐஓ, அதற்கும் மேல் சி-யில் எழுதிய தொகுதி. மற்றதெல்லாம் பைத்தானிலேயே இருக்கட்டும். முழுவதையும் சி++-க்கு மாற்ற வேண்டிய நிலை இத்தனைக்கும் பிறகுதான் வரும்.

அப்படி மாற்றும்போது போர்டும் மாறுமானால் மின்னழுத்தத்தைக் கவனியுங்கள். ஊனோ ஐந்து வோல்ட். பிக்கோவும் ஈஎஸ்பி32-உம் 3.3 வோல்ட். ஐந்து வோல்ட் சென்சாரின் டேட்டா வயரை அப்படியே இவற்றில் செருகினால் போர்டின் அந்தப் பின் பழுதாகிவிடலாம். நடுவில், மின்னழுத்தத்தை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் போடுங்கள்.

அதே போர்டில்தான் மொழி மாறுகிறது என்றால், சி++ நிரலை ஏற்றும்போது மைக்ரோபைத்தானின் ஃபர்ம்வேர் (போர்டில் அதை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) அழிந்துவிடும். உள்ளே சேமித்த கோப்புகளும் போகலாம். அதனால் மெயின்.பை கோப்பு, நீங்கள் சேர்த்த லைப்ரரிகள், சென்சாரின் அளவைத் திருத்தக் கண்டுபிடித்து வைத்த எண்கள் எல்லாவற்றையும் முதலில் கணினிக்கு நகலெடுங்கள். எந்த ஃபர்ம்வேர் பதிப்பில் ஓடியது என்பதையும் அந்தக் கோப்பின் முதல் வரியில் குறிப்பாக எழுதிவிடுங்கள். திரும்பி வர வேண்டியிருந்தால், பிக்கோவில் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி யுஎஸ்பி-யில் செருகி, அதே பதிப்பின் யுஎஃப்2 கோப்பைப் போட்டு, நகலெடுத்தவற்றை மறுபடி ஏற்றினால் பழையபடி ஓடும்.